கிளி ஒட்டிய பிள்ளை சீட்டு

சைக்கிளின் முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்க ஒரு சீட்டு மாட்டுவார்கள். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுக்கு ஒரு பலகை. முதுகு சாய அரைவட்டமாக வளைத்த கம்பி. பாரைக் கவ்விக்கொள்ள இரும்புக் கொக்கிகள். பிள்ளை முன்பக்கம் சரியாமல் இருக்கப் பழைய டியூபில் அறுத்த ஒரு வார். அப்படி ஒரு சீட்டை என் வீட்டுக்காரரின் அக்கா எங்களுக்குக் கொடுத்தாள். அவள் எனக்கு மதினி. அவள் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன்.

அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் ஆமத்தூரில் இருந்தோம். நாலாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலைதான். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் பயம் உண்டு. மருந்து முக்குகிற அறைப் பக்கம் எதுவாவது கீழே விழுந்தால், என்ன விழுந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் வாசல் எந்தப் பக்கம் என்றுதான் கண் தேடும். மற்றவர்கள் அந்தப் பயத்தை வேலை முடிந்ததும் அங்கேயே போட்டுவிட்டு வருவார்கள். நான் வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவேன். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பேன். கிணற்றில் வாளி இறக்கும்போது கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். இதற்காக என் மாமியார் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. "இவ சோத்துல கல்லு இருக்கான்னு பாக்க மாட்டா. கல்லுல சோறு இருக்கான்னு பாப்பா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

என் மூத்தவனுக்குக் கழுத்து நின்று, உட்காரவும் பழகியிருந்த சமயம். வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலையில் இருந்தார். கைமாறி வந்த ஒரு சைக்கிள் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி திருத்தங்கலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடுப்பில் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் அந்தச் சீட்டைத் தூக்கி வந்தாள். அவளுடைய மூத்த பையன் உட்கார்ந்து வளர்ந்த சீட்டு. அவள் வீட்டுக்காரர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், அச்சாபீசில் மிசின் ஓட்டினார். அங்கே கழிவாகப் போகும் தீப்பெட்டி லேபில் தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டு வருவார். அந்தத் தாளைத்தான் பலகை முழுக்க ஒட்டியிருந்தாள். வரிசை வரிசையாகப் பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பசை வாடை இன்னும் போகவில்லை.

இப்போது காரில் பிள்ளைகளுக்குத் தனி சீட்டு வைக்கிறார்கள். எந்த வருஷம் வரைக்கும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறதாம். எங்கள் சீட்டில் அச்சடித்திருந்தது கிளிதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த இன்னொரு பிள்ளையின் பழந்துணியைத்தான் முதலில் போடுவார்கள். தொட்டில் சேலை, நடைவண்டி எல்லாம் அப்படித்தான் வீடு வீடாகப் போகும். அந்தப் பிள்ளையின் ஆயுசு இந்தப் பிள்ளைக்கும் ஒட்டும் என்று நம்பிக்கை. புதிதாக வாங்கினால் கண்படும். அதைவிட, கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னால் கொடுத்தவள் பிள்ளைக்கு ராசி இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது.

மாமியார் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாங்கி மடியில் வைத்துப் பலகையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன். முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. பலகை லேசாகக் கீழே போய் வந்தது.

"மதினி, பலகை அசையுது" என்றேன்.

அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். "எம் புள்ள உக்காந்து வளந்த சீட்டு. அவன் என்ன கொறஞ்சா போயிட்டான்? ஒங்க ஆத்தா வீட்டு வாசல்ல மோட்டார் காரு நிக்குதுன்னா அதுல ஏத்திட்டுப் போ தாயி. யாரு வேண்டாம்னா?"

மாமியார் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் நான் மறக்கவில்லை.

அவள் போன பிறகு வீட்டுக்காரரிடம் நான் கெஞ்சிப் பார்த்தேன். தாளைக் கிழித்து ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்றேன். ஆசாரியிடம் கொடுத்து வேறு பலகை போடலாம் என்றேன். அக்கா அடுத்த முறை வரும்போது கிளி எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்லுவது என்று கேட்டார். அவருக்கு அக்கா என்றால் தாய்க்கு மேலே. அவளைச் சங்கடப்படுத்துவதைவிட என்னைச் சங்கடப்படுத்துவது அவருக்கு எளிது.

அதனால் சைக்கிளில் போகும்போதெல்லாம் பின்னால் கேரியரில் நான் உட்கார்ந்து, அவர் இடுப்பைச் சுற்றிக் கையை நீட்டிப் பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டே போவேன். வாய் சும்மா இருக்காது. பாத்துப் போங்க, விழுந்துருவான், பலகை போயிரும், விழுந்துருவான். மாமியார் வாசலில் நின்று, போகும்போது நல்ல வார்த்தை சொல்லு, நாக்குல சனியன வச்சுக்கிட்டுப் போகாத என்று கத்துவார்.

அவன் விழுந்தது மதினி வீட்டுக்குப் போகிற வழியில். திருத்தங்கலுக்கு முன்னால் ரோட்டில் ஒரு பாலம் வரும். ஏறி இறங்குகிற இடத்தில் சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கும். அன்றைக்கும் குலுக்கியது. பலகை இரண்டாகப் பிளந்ததை நான் காதால் கேட்டேன். பிள்ளை ஒரு பக்கமாக வழுக்கி இறங்கினான். அவன் கால் முன்சக்கரக் கம்பிக்குள் போனது. அவன் சட்டைத் துணி கிழிந்து என் கையிலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ரோட்டில் விழுந்தேன்.

குதிகால் பிய்ந்து தொங்கியது. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய்ச் சிவகாசி ஆஸ்பத்திரியில் விட்டார். தையல் போட்டார்கள், கட்டுக் கட்டினார்கள். நரம்பு அறுந்திருக்கிறது, நடப்பான், ஆனால் கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பான் என்றார்கள். அப்படித்தான் நடக்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு மதினி ரசஞ்சோறு கொண்டு வந்தாள். பிள்ளையைப் பார்த்து அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் மாமியாரிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான் இல்லாததுபோலவே சொன்னாள்.

"எம் புள்ள உக்காந்தப்ப ஒடையாத பலகை இவ புள்ள உக்காந்ததும் எப்பிடி ஒடையும்? எந்நேரமும் விழுந்துருவான், விழுந்துருவான்னு வாய வச்சா விழாம என்ன செய்யும்? சீட்டுல என்ன இருக்கு. எல்லாம் வாயிலதான் இருக்கு."

மாமியார் தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சு ஆஸ்பத்திரி வாசலோடு நிற்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஆமத்தூருக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் தீப்பெட்டி ஆபீசுக்குத் திரும்பிய நாளில், எப்போதும் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒரு பிள்ளைத்தாச்சி தன் குச்சி அடுக்குகிற கட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். பிறகு ஒரு கைக்குழந்தையைப் பார்த்து, வெயில்ல வச்சிருக்கியேத்தா என்று நான் சொன்னதற்கு அதன் தாய் காறித் துப்பி, தலையைச் சுற்றி மிளகாய் போட்டாளாம். பிள்ளைக்காரிகள் நான் வரும்போது முந்தானையால் பிள்ளையை மூடினார்கள். பெற்ற பிள்ளையை வாயாலேயே தள்ளிவிட்டவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. பிள்ளையின் கால் போனதற்கு அழுவதா, இந்தப் பெயருக்கு அழுவதா என்று தெரியாமல் நடந்தேன்.

சீட்டை நான் விடவில்லை. பாலத்தடியில் கிடந்த பலகைத் துண்டுகளையும் கம்பியையும் மறுநாளே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத் தாளை உரித்தேன். கிளிக்குக் கீழே இன்னொரு தாள் இருந்தது. ரோசாப்பூப் போட்ட பழைய லேபில், நிறம் வெளுத்தது. அதையும் உரித்தேன். புதிதாக உடைந்த மரம் உள்ளே தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். இந்தப் பிளவில் ஒரு முனையில்தான் வெள்ளை. மீதி அம்புட்டும் அழுக்கேறி, சைக்கிள் மசகு ஊறிக் கறுத்துக் கிடந்தது. அதன் இரு பக்கத்தையும் சேர்த்து ஒரு ஆணி அடித்திருந்தது. ஆணி துருப்பிடித்திருந்தது. என் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பலகை வெடித்துவிட்டது. வெடிப்பின் மேல் பூவை ஒட்டினார்கள். பூ கிழிந்ததும் கிளியை ஒட்டினார்கள்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய பலகை என்றால் அப்படித்தான் இருக்கும், தூக்கி அடுப்பில் வை என்றார். நான் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

மதினி அதற்குப் பிறகும் வந்தாள், போனாள். நல்லநாள் பெரியநாளுக்கு என் கையால் சாப்பிட்டாள். வாங்க மதினி, நல்லா இருக்கீகளா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா என்று நானும் கேட்டேன். கேட்கும்போதே என் கண் பரணுக்குப் போகும். அவள் பிள்ளைக்கு ஒரு கெடுதல் வரவேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு. என் வாய்மேல் போட்ட பழியை அவளே தன் வாயால் எடுக்க வேண்டும். அதுவும் மறைவில் இல்லை, சனங்களுக்கு நடுவில்.

பயந்தவர்களால் பழி வாங்க முடியாது என்று நினைக்கிறார்கள். தப்பு. பயப்படுகிறவளுக்குத்தான் எது எந்த இடத்தில் எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே யோசித்துப் பழக்கம். தைரியசாலி சண்டை போட்டுவிட்டு மறந்துபோவான். நான் குச்சி அடுக்கிக்கொண்டே அடுக்கிக்கொண்டே யோசித்தேன்.

என் மகன் சாய்ந்து சாய்ந்து ஓடப் பழகிவிட்ட காலத்தில் மதினிக்கு ரொம்ப நாள் கழித்து இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அடுத்த வருஷம் மொட்டை எடுத்துக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் என் வீட்டுக்காரர். மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், சீர் கொண்டு போக வேண்டும். இதற்குத்தான் நான் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சீர்த்தட்டு எல்லாம் நான்தான் அடுக்கினேன். பழத்தட்டு, வெல்லத்தட்டு, பிள்ளைக்கு எடுத்த துணி, தொட்டில் சேலை. பெரிய தாம்பாளத்தில் அந்தச் சீட்டை வைத்தேன். பலகைத் துண்டுகளைச் சேர்த்துச் சணல் போட்டுக் கட்டியிருந்தேன். வெடிப்பும் ஆணியும் மேலே தெரியும்படி வைத்து, மேலே சிவப்புப் பட்டுத்துணி போட்டு மூடினேன். அது என்ன தட்டு என்று மாமியார் கேட்டார். பிள்ளைக்கு உட்காருகிற சாமான் என்றேன். பொய் இல்லை.

திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேளம் முன்னால் போக, பெண்கள் தட்டோடு வரிசையில் நடந்தோம். அந்தத் தாம்பாளத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே தலையில் வைத்துக்கொண்டேன். மேளச் சத்தத்தில் என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு வீட்டுச் சனமும் இருந்தது. ஆமத்தூரிலிருந்து என்னோடு வேலை பார்க்கிறவர்களில் சிலரையும் அழைத்திருந்தாள் மதினி. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளையை என் வீட்டுக்காரர் மடியில் வைத்திருந்தார். தட்டுகளை வரிசையாக வைத்ததும் ஒவ்வொன்றாகத் துணியை எடுத்துச் சபைக்குக் காட்ட வேண்டியவர் மாமியார். பழம் காட்டினார். வெல்லம் காட்டினார். சேலை காட்டினார். பட்டுத்துணியை எடுத்தார்.

எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"மதினி, ஒங்க மூத்தவன் வளந்த ராசியான சீட்டு. நீங்க குடுத்தத ஒங்களுக்கே கொண்டாந்துட்டேன். மாமன் மடி எதுக்கு? இதுல உக்கார வச்சே காது குத்திருவோம். எறக்கி வைங்க."

என் வீட்டுக்காரரின் கை பிள்ளையின் வயிற்றைச் சுற்றி இறுகியது. என் மகனுக்கு அந்தக் கை அன்றைக்கு இறுகவில்லை. மதினி ஒரே எட்டில் வந்து அவர் மடியிலிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"என்னளா நெனச்சிருக்க நீ. நல்ல காரியத்துல ஒடஞ்ச சாமானக் கொண்டாந்து..."

"ஏன் மதினி பயப்படுதீக? சீட்டுல என்ன இருக்கு. எல்லாம் வாயிலதான இருக்கு. நான் இன்னைக்கி வாயவே தொறக்கல. விழாது, வைங்க."

பின்னால் யாரோ ஒரு பெண் பிள்ளை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் மதினியைக் குத்தியிருக்க வேண்டும். முகமெல்லாம் சிவந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினாள்.

"எனக்கு மட்டும் முழுசாவா வந்துச்சு? எங்க மாமியா வீட்டுல இருந்து வரும்போதே வெடிச்சுத்தான் வந்துச்சு. இவுக ஆணி அடிச்சுத்தான் தந்தாக. எம் மூத்தவன அந்த வெடிப்பு மேலதான உக்கார வச்சு வளத்தேன்? ஒண்ணும் ஆகலையே. அந்த நெனப்புலதான குடுத்தேன்."

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப வெடிச்சது தெரியும்" என்றேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். இருக்கட்டும். தன் பிள்ளை தப்பித்தது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. என் பிள்ளை தப்பிக்காதபோது, தெரிந்ததைச் சொல்லாமல் என் வாயைக் காட்டினாள். அதற்கும் எண்ணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மாமியார் பட்டுத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அந்தப் பலகையைக் குனிந்து பார்த்து, கறுத்த வெடிப்பின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் மசகு ஒட்டியது. சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். ஆமத்தூர்ப் பெண்கள் ஒருத்தி காதில் ஒருத்தி பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வரும்போது எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாகத் திரும்பிப் போனது.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் பயம் என்னை விடாது. இந்தச் சீட்டை இங்கே வைத்துவிட்டுப் போனால் ஒரு மாதத்தில் வேறு ஆணி அடிப்பார்கள். மயிலோ மானோ ஒட்டுவார்கள். வேறு எவளோ ஒருத்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அரிவாள் கேட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அண்ணாச்சிதான் உள்ளே போய் எடுத்துவந்து, பிடியை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார். பந்தலுக்கு வெளியே கொண்டுபோய்ப் பலகையைச் சிறாய் சிறாயாக வெட்டினேன். கொக்கியைக் கல்லில் வைத்து அரிவாள் புறத்தால் அடித்து வளைத்தேன். ஒரு கிழவி, கம்பி நல்லாத்தான இருக்கு, எதுக்குத்தா வீணாக்குத என்று கேட்டாள். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு காது குத்தினார்கள். பிள்ளை அழுதது. கெடா வெட்டியிருந்தார்கள், பந்தி போட்டார்கள். தாய்மாமன் வீட்டுக்கு அந்த வீட்டுக்காரிதான் தன் கையால் பரிமாற வேண்டும், அது முறை. என் வீட்டுக்காரர் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்துகொண்டார். என் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மதினி கறிச் சட்டியோடு வரிசையில் வந்தாள். என் மகன் இலைக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். தையல் தழும்போடு நீட்டிக்கொண்டிருந்த அவன் காலைப் பார்த்தாள். ஈரல் துண்டாகப் பார்த்து அவனுக்கு வைத்தாள். என் இலையில் பார்க்காமலே ஒரு கரண்டி போட்டுவிட்டு நகரப் போனாள்.

"இன்னும் கொஞ்சம் வைங்க மதினி" என்றேன்.

திரும்பி வந்தாள். குனிந்து வைத்தாள். போதும் என்று நான் கையால் மறிக்கவில்லை. மறுபடியும் வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறி நன்றாக வெந்திருந்தது. நான் நிதானமாகச் சாப்பிட்டேன்.